பயிற்சிக்குப் போகாத ஒருவர்

கேள்வி: உதிரிபாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களில் ஆறு பேரை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. சுவரெல்லாம் போர்டு, தரையெல்லாம் மஞ்சள் கோடு. ரிஜெக்‌ஷன் மட்டும் குறையவில்லை. வெளிநாட்டுப் பயிற்சியே வீண்தானா?

பதில்: வீண் இல்லை. உங்கள் மேலாளர் அந்தப் பயிற்சிக்குப் போனாரா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை; போகவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஜப்பானே வெளியாரிடம் பாடம் கேட்ட நாடுதான். 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் அங்கே பொறியாளர்களுக்கு வகுப்பெடுத்தார். அதோடு விடாமல் கம்பெனித் தலைவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். தன் நாட்டில் பொறியாளர்கள் கற்றதை மேலிடம் கண்டுகொள்ளாததால் எல்லாம் மங்கிப்போனதை அவர் பார்த்திருந்தார். 1954இல் வந்த தர நிர்வாக வல்லுநர் ஜோசப் ஜுரானும் மேலாளர்களுக்கே பாடம் நடத்தினார். தொழிலாளர்கள் கூடிப் பேசும் தர வட்டம் 1962இல் ஜப்பானியர் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

நான் தரப்பிரிவில் இருந்தபோது ஒரு லேத்தில் தண்டின் விட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆபரேட்டர் அக்கறையானவர். ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டரில் அளப்பார். துளி கூடினால் டூலை உள்ளே தள்ளுவார், குறைந்தால் வெளியே இழுப்பார். அளவுகளைப் புள்ளிகளாக வைத்து, இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் எல்லைக்கோடு போடும் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்தபோதுதான் புரிந்தது: மெஷினுக்கே உரிய சிறு அசைவைத் துரத்தித் துரத்திப் பெரிதாக்கியிருந்தார். ஐந்தைந்தாக அளந்து, சராசரி எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டும் கை வையுங்கள் என்றோம். அளவு அடங்கியது. ‘ஏன் சும்மா நிற்கிறாய்’ என்று எங்கள் மேலாளர் ஆபரேட்டரைக் கேட்கவில்லை. அதனால்தான் ஆபரேட்டரால் சும்மா நிற்க முடிந்தது.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலை, 1984இல் டொயோட்டாவுடன் சேர்ந்து மறுபடி திறந்தது. பெரும்பாலும் பழைய ஆட்களே. கோளாறு தெரிந்தால் அவர்களே கயிற்றை இழுத்து லைனை நிறுத்த முடிந்தது. இழுத்தவரை ஏசாமல் டீம் லீடர் உதவிக்கு வந்தார். அதே கைகளிலிருந்து நல்ல கார் வந்தது.

போர்டை இப்போதைக்கு விடுங்கள். அதிகம் ரிஜெக்ட் ஆகும் ஒரே ஒரு பாகத்தை எடுத்து, எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், என்ன குறை என்று ஒரு வாரம் பென்சிலால் குறியுங்கள். அந்தத் தாளோடு மேலாளரிடம் போய், சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்த ஆட்களுக்கு உரிமை கேளுங்கள். தயங்கினால் கோபப்படாதீர்கள், நீங்கள் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. அடுத்த குழுவில் அவரும் போக வேண்டுமென்று நிர்வாகத்துக்கு எழுதியே கொடுங்கள்.