லிண்டோஸ் மலையில் எது எந்தக் காலத்துக் கல்?

கேள்வி: கிரீஸின் ரோட்ஸ் தீவில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். லிண்டோஸ் போகலாமா? படத்தில் கோயில், கோட்டை, தேவாலயம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிகிறது, வழிகாட்டி இல்லாமல் புரியுமா? அம்மாவுக்கு மூட்டுவலி வேறு.

தாராளமாகப் போகலாம், புரியவும் புரியும். பலகைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் கல்லும் கல்லும் சேரும் இடத்தைப் பாருங்கள். சாந்தே இல்லாமல் பெரிய கற்கள் பிசிறின்றிப் பொருந்தியிருந்தால், அங்கங்கே இரும்புப் பட்டை பதித்த குழியும் தெரிந்தால், அது அதீனா தேவியின் கோயிலைக் கட்டிய பழங்காலக் கிரேக்கர்களின் வேலை. சின்னச் சின்னக் கல்லாகச் சாந்து வைத்து அடுக்கியிருந்தால் பெரும்பாலும் 1309 முதல் 1522 வரை தீவை ஆண்ட புனித ஜான் வீரர்கள் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்களின் கோட்டைச் சுவர். தூணின் நடுவில் வழவழவென்று சிமென்ட் ஒட்டு தெரிந்தால், 1912-ல் தீவைப் பிடித்த இத்தாலியர்களின் கைவண்ணம். அவர்கள் உள்ளே வைத்த கம்பி துருப்பிடித்துக் கல்லையே பிளந்ததால், பின்னாளில் கிரேக்கர்கள் அதைப் பிரித்து மறுபடி சரிசெய்ய வேண்டியதாயிற்று.

கோட்டைக்கு ஏறும் செங்குத்தான படிக்கட்டின் அடியில், மூச்சு வாங்க நிற்கும் இடத்திலேயே, பாறையில் ஒரு கப்பலின் பின்பக்கம் செதுக்கியிருக்கும். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. அதன் மேல்தளம்தான் ஒரு சிலைக்குப் பீடமாக இருந்தது, சிலை இப்போது இல்லை. முக்கால்வாசிப் பேர் அதற்கு முதுகைக் காட்டித் தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஓடிவிடுகிறார்கள்!

அம்மாவை மேலே கூட்டிப் போக வேண்டாம் என்பேன். கழுதைச் சவாரி வாசலுக்குக் கீழேயே முடிந்துவிடும், உள்ளே போனாலும் படிதான், தேய்ந்த கல் வழுக்கும், நிழலும் கிடையாது. ஊருக்குள் பனாகியா தேவாலயத்தில் கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் பதித்த தரையைப் பார்த்துவிட்டு அவர் நிம்மதியாக ஒரு காபி குடிக்கட்டும். நீங்கள் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. கோயிலுக்கு வந்த காணிக்கைகளைப் பட்டியலிட்டு கி.மு. 99-ல் வெட்டிய கல்வெட்டு, மலையடிவாரத்தில் ஒரு தேவாலயத்தின் தரைக்கல்லாகக் கிடந்தது. 1904-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அதைத் தேடி அங்கே அலையாதீர்கள், கோபன்ஹேகனில் இருக்கிறது.