காரம் வேண்டும், பால் நெய் வேண்டாம்: வெளிநாட்டுச் சமையலில் எதிலிருந்து தொடங்கலாம்?

சைவம் மட்டும் போதாது, பால், நெய், முட்டையும் கூடாது, ஆனால் நாக்கில் சுள்ளென்று உறைக்க வேண்டும் என்கிறீர்கள். எத்தியோப்பியாவில் தொடங்குங்கள் என்பேன்.

கறிக்குழம்பில் கறியை எடுத்துவிட்டு சோயா உருண்டையைப் போடும் வேலையில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. எத்தியோப்பியாவில் அந்தத் தேவையே வராது. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாட்கள் ஏராளம். ஆண்டின் பெரும்பாலான புதன், வெள்ளிகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாட்களிலும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொட மாட்டார்கள். அதனால் விரதத்துக்கென்றே ஒரு தனிச் சமையல் அங்கே தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருக்கிறது. அதில் எதையோ எடுத்துவிட்ட குறை தெரியாது.

முதலில் மிசிர் வொட் செய்து பாருங்கள். மைசூர் பருப்பில் செய்யும் கெட்டிக் குழம்பு. அதன் உயிர் பெர்பெரே என்கிற மிளகாய்ப்பொடி. கடையில் தேடி அலைய வேண்டாம், நம் அஞ்சறைப் பெட்டியே முக்கால்வாசி கொடுத்துவிடும். காய்ந்த மிளகாய் 15 (பாதி காஷ்மீரி மிளகாயாக இருந்தால் நிறம் நன்றாக வரும்), தனியா ஒரு மேசைக்கரண்டி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், மிளகு தலா அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 5, கிராம்பு 3. சிறு தீயில் வறுத்து, கொஞ்சம் சுக்குப்பொடி சேர்த்து அரைத்தால் சரி. அவர்கள் போடுவது கொரரிமா என்ற வேறொரு ஏலக்காய். வாசனை கொஞ்சம் மாறும்தான், பரவாயில்லை.

இனி சமையல். ஒரு கப் பருப்புக்குப் பெரிய வெங்காயம் 3. பொடிப்பொடியாக நறுக்கி, எண்ணெயே இல்லாமல் அடிகனமான பாத்திரத்தில் போட்டுச் சிறு தீயில் வதக்க வேண்டும். ஒட்டினால் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். கால் மணி நேரமாவது ஆகும். வெங்காயம் கரைந்து விழுது போல ஆன பிறகுதான் கால் கப் எண்ணெய், இஞ்சி பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி பெர்பெரே. பொடியின் பச்சை வாசனை போக நிதானமாக வதக்கி, கழுவிய பருப்பையும் மூன்று கப் தண்ணீரையும் ஊற்றிக் குழையவிடுங்கள். கடைசியில் உப்பு. தாளிக்கத் துடிக்கும் கையை மட்டும் கட்டிப்போடுங்கள். கடுகு கறிவேப்பிலை விழுந்தால் அது நம் வீட்டுப் பருப்புக் கடைசல் ஆகிவிடும்!

அங்கே இதை இஞ்ஜெரா மேல் பரிமாறுவார்கள். டெஃப் என்ற நுண்ணிய தானியத்தின் மாவைப் புளிக்கவைத்து ஊற்றும் பெரிய அப்பம் அது. டெஃப் கிடைக்காவிட்டால், நன்றாகப் புளித்த மாவில் ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த கல்தோசை போதும்.

இரண்டாவது, சீனாவின் செங்டு நகரத்து மாப்போ தோஃபு. தோஃபு என்பது சோயா பாலில் செய்யும் பனீர் மாதிரியான கட்டி. அசலில் கொத்துக்கறி உண்டு, அதற்குப் பதில் ஊறவைத்த ஷீட்டாகே காளானைப் பொடியாக நறுக்கிப் போடலாம். (ஆமாம், மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. இந்த உணவில் கறி ஓரமாக நிற்கும் ஆள்தான்.) மிளகாயும் ஃபாவா அவரையும் சேர்த்துப் புளிக்கவைத்த தோபன்ஜியாங் விழுதைத் தவிர்க்க முடியாது, வாங்கியே ஆக வேண்டும். சிச்சுவான் மிளகும் அப்படித்தான். அது மிளகும் இல்லை மிளகாயும் இல்லை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய்த்தோல். நாக்கை எரிக்காது, மரத்துப்போக வைக்கும். கொங்கண் பக்கம் சமையலில் போடும் தெப்பல் இதற்கு நெருங்கிய உறவு. தோஃபுவை வெட்டி உப்புப் போட்ட வெந்நீரில் சில நிமிடம் வைத்துவிட்டுச் சேர்த்தால் அவ்வளவு எளிதில் உடையாது.

தாய்லாந்து, கொரிய உணவுகளில் மட்டும் கவனம் தேவை. பெயரில் காய்கறி என்றிருக்கும், உள்ளே கடல் இருக்கும். தாய் கறி விழுதுகளில் பொதுவாக இறால் விழுது உண்டு. கிம்ச்சி என்கிற கொரியப் புளித்த காய்கறி ஊறுகாயில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பது வழக்கம். பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டே வாங்குங்கள், இல்லையென்றால் விழுதை வீட்டிலேயே இடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காரம் கை மீறிவிட்டால் தண்ணீர் குடிக்காதீர்கள். மிளகாயின் காப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். மோர் உங்களுக்கு ஆகாது என்பதால் நல்ல கெட்டித் தேங்காய்ப்பால் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.