டர்போ மாற்றிய வண்டி நான்கு மணி நேரம் தாங்குமா?

கேள்வி: கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2020 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, மேனுவல் கியர் வண்டி இருக்கிறது. போன வருடம் டர்போ போய், புகை தள்ளி, ஆயில் குறைந்து, என்ஜினும் சத்தம் போட ஆரம்பித்தது. வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் என்ஜினை இறக்கி வேலை பார்த்து டர்போவும் மாற்றியாயிற்று. இன்னும் இரண்டு மாதத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நண்பர்கள் மூன்று பேருடன் நான்கு மணி நேர அமெச்சூர் எண்டூரன்ஸ் பந்தயம் ஓட்ட ஆசை. "ஹைவேயில 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, செட் ஆயிடும்" என்கிறார் மெக்கானிக். என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி, அதாவது ரீமேப் செய்தால்தான் பந்தயத்துக்கு லாயக்கு என்கிறார் இன்னொருவர். வண்டி தாங்குமா என்று எப்படிச் சோதித்துத் தெரிந்துகொள்வது?

பதில்: தம்பி, அந்த 500 கிலோமீட்டர் உங்கள் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் 90-இல் சீராகப் போகும்போது இந்த என்ஜின் தன்னுடைய 110 குதிரைத்திறனில் நான்கில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்துகிற டர்போ, பாதித் தூக்கத்தில் இருக்கும். பந்தயத் தடத்தில் பெரும்பாலான நேரம் ஆக்சிலரேட்டர் தரையோடு இருக்கும். அப்போது அந்தச் சின்ன டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதன் வழியாகப் போகும் புகை 900 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு ஒரே சுற்றில் வந்துவிடாது. முதலில் கூலன்ட், அப்புறம் ஆயில், கடைசியில் பானெட்டுக்குள் இருக்கும் ரப்பர், பிளாஸ்டிக், வயர் எல்லாம் என்று படிப்படியாக ஏறும். முதல் ஐந்து சுற்று எந்த வண்டியும் அழகாக ஓடும். இருபது நிமிடத்துக்கு மேல்தான் உண்மை தெரியும். அதனால் வேகத்தைச் சோதிக்க வேண்டாம், இடைவிடாமல் ஓடும் நேரத்தைச் சோதியுங்கள்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி, போர்ஷே 992 வண்டிகளுக்கான பிரிவில் மூன்றாம் இடம் வந்ததிலிருந்து வடசென்னைப் பையன்கள் நிறையப் பேர் எண்டூரன்ஸ் பற்றிக் கேட்கிறார்கள். மனதுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த போர்ஷே ஜிடி3 கப் வண்டியில் டர்போவே கிடையாது. அது 4 லிட்டர், ஆறு சிலிண்டர், தானே காற்றை இழுக்கிற என்ஜின். நீங்கள் கொண்டுபோவது 999 சிசி, மூன்று சிலிண்டர். அதன் பலமே உள்ளங்கையளவு டர்போவில்தான் இருக்கிறது. அங்கே பார்த்த தயாரிப்பை இங்கே அப்படியே செய்ய முடியாது.

தடத்துக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. இப்போது வண்டியில் இருக்கும் ஆயில் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஆக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள், அதன் தூளே உள்ளே விழுந்து உங்களைக் குழப்பும். தகரம் வெட்டும் கத்தரியாலோ ஃபில்டர் கட்டராலோ டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெட்டி எடுத்து, ஆயிலை வடியவிட்டு, பழைய நாளிதழின் மேல் விரித்து வெயிலில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மஞ்சளாக மினுக்கினால் டர்போ புஷ் தேய்ந்த தூள். வெள்ளியாக மினுக்கி, காந்தத்தில் ஒட்டாவிட்டால் பிஸ்டன் போன்ற அலுமினியம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. வேலை முடிந்த புதிதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நாலைந்து புள்ளி இருக்கலாம். மடிப்புக்கு மடிப்பு ஜரிகை போல மின்னினால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், புது டர்போ மறுபடி போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த டர்போ இல்லை. பழைய டர்போ சாகும்போது கக்கிய தூள் ஆயில் பானிலும், உறிஞ்சும் குழாயின் சல்லடையிலும், ஆயில் கூலரிலும், டர்போ அனுப்பும் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரிலும் தங்கிவிடுகிறது. பட்டறையில் டர்போவை மட்டும் மாற்றி, டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் அதே ஃபீட் பைப்பைத் துடைத்து மாட்டிவிடுவார்கள். அந்தப் பைப்பின் உள்சுவரில் கருகிய ஆயில் படிந்து துவாரம் பாதியாகியிருக்கும். மெக்கானிக்கிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஆயில் பானை இறக்கினீர்களா, ஃபீட் பைப் புதிதா, இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவினீர்களா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அதைச் செய்த பிறகுதான் அடுத்த பேச்சு. ஆயில் திரும்பும் பைப்பின் கேஸ்கட்டில் பேஸ்டை அப்பியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிதுங்கி உள்ளே தொங்கும் ஒரு துணுக்கு போதும், ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போ சீல் வழியாகப் புகையாக வரும். அந்தப் புகையைப் பார்த்துவிட்டு டர்போவே சரியில்லை என்று இன்னொன்றை உங்கள் தலையில் கட்டுவார்கள்.

இந்தத் தலையில் கட்டும் வேலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பட்டறைக்காரர் ஒரு பையனிடம் சொல்கிறார், அவன் ஒரு புரோக்கரிடம் சொல்கிறான், புரோக்கர் 'ரீகான்', அதாவது பழையதைப் புதுப்பித்த டர்போ ஒன்றைக் கொண்டுவருகிறார். மூன்று கமிஷன் போகிறது, ஒருவரிடமும் பில் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு வண்டிக்காக நானே அப்படி வாங்கினேன். புதுப் பெட்டி, புது மூடி, பளபளவென்று வெள்ளி பெயின்ட். காற்று போகும் வாய்க்குள் விரலை விட்டு, உள்ளே சுழலும் இறக்கை வீலைத் தடவியபோது இறக்கையின் முன்ஓரம் பிளேடு மாதிரி மெலிந்து, நெளிநெளியாக இருந்தது. வருடக்கணக்கில் தூசி தின்ற பழைய வீல். உடனே திருப்பிக் கொடுக்கப் போனேன், புரோக்கர் போனையே எடுக்கவில்லை.

டர்போவுக்கு பில் கேளுங்கள், பேலன்ஸ் செய்த தாளைக் கேளுங்கள். டர்போவின் சுழலும் நடுப்பகுதியை ('கோர்') மெஷினில் பேலன்ஸ் செய்தால் சீரியல் நம்பரோடு ஒரு தாள் வரும். அந்த நம்பரும் டர்போவில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். தாள் இல்லையென்றால் பேலன்ஸ் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லேசான ஆட்டம் இருக்கும், அது சகஜம். முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் கைக்கு ஆட்டமே தெரியக்கூடாது. இன்னொன்று, பழைய டர்போவை 'எக்ஸ்சேஞ்ச்' என்று கொடுத்துவிடாதீர்கள். அது ஏன் செத்தது என்ற சாட்சி அதனிடம்தான் இருக்கிறது. நீங்கள் கொடுத்ததே பெயின்ட் பூசிக்கொண்டு இன்னொரு பையனுக்குப் போகும்.

வேலை பார்த்த என்ஜினைப் பழக்கி ஓட்டுகிற ரன்னிங்-இன் விஷயத்துக்கு வருகிறேன். "என்ஜினை இறக்கி வேலை பார்த்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வேலை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புது பிஸ்டன் ரிங் போட்டு, லேத்தில் சிலிண்டர் சுவரைச் சன்னமாகச் சொரசொரப்பாக்கி, அதாவது ஹோனிங் செய்திருந்தால், ரிங் சுவரோடு படிவதற்கு அழுத்தம் வேண்டும். ஹைவேயில் ஒரே வேகத்தில் ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது, சுவர் வழுவழுப்பாகி ரிங் கடைசி வரைக்கும் படியாது. காலையில் காலியான சாலையில், என்ஜின் சூடான பிறகு, மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்து 4,000 வரை முக்கால் ஆக்சிலரேட்டரில் ஏற்றி, காலை எடுத்துவிட்டுத் தானாக இறங்க விடுங்கள். திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள். 50 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். 500-இல் இன்னொரு முறை மாற்றுங்கள்.

ஆனால் ரிங்கைத் தொடவே இல்லை, டர்போவும் பேரிங்கும் மட்டும் மாற்றினார்கள் என்றால் ரிங்குக்காக இதெல்லாம் தேவையே இல்லை. ஹெட்டை மட்டும் இறக்கி வால்வு தேய்த்திருந்தாலும் தேவையில்லை. பழைய ரிங் பழைய சுவரில் ஏற்கனவே படிந்துதான் இருக்கிறது. இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், ரிங்கைத் தொடாமலே தொட்டதாகக் காசு வாங்கிக்கொண்டு, "500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவது பழகிப்போன வழி. ஓட்டி முடித்த பிறகும் புகை வந்தால், "நீங்க சரியா ரன்னிங்-இன் பண்ணல" என்று பழி உங்கள்மேல் விழும். பில்லை எடுங்கள். 'ரிங் செட்' என்று தனி வரி இருக்கிறதா? லேத்தில் ஹோனிங் கூலி தனியாக இருக்கிறதா? இரண்டும் இருந்தால் ரன்னிங்-இன் செய்யுங்கள். இரண்டும் இல்லையென்றால் நேரே சோதனைக்குப் போகலாம். ரிங் இருந்து ஹோனிங் இல்லையென்றால் அதுதான் இருப்பதிலேயே மோசம்: வழுவழுத்த சுவரில் புது ரிங் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் படியாது, என்ஜினை மறுபடி திறக்க வேண்டும். பில்லே இல்லையென்றால் லேத்துக்கு நீங்களே நேரில் போய்க் கேளுங்கள், லேத்துக்காரர் மறைக்க மாட்டார்.

அடுத்து, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் செக். மூன்று சிலிண்டருக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. சிலிண்டருக்குள் காற்றை விட்டு எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனையில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, இருபதைத் தாண்டினால் திறந்தே ஆக வேண்டும். காற்றுக் குழாய்களுக்குள் புகை விட்டுக் கசிவு பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யுங்கள். எங்காவது காற்று கசிந்தால் அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று தன்னையே தின்னும். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள், கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் 90-லேயே நிற்கிற மாதிரிதான் அதை அமைத்திருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பாருங்கள். ஆயிலுக்குத் தனியாக ஒரு சென்சாரும் மீட்டரும் வையுங்கள். இந்த ஒரு செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தடத்தில் முதலில் பத்து நிமிடம், அப்புறம் இருபது, நாற்பது, கடைசியாக ஒரு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழுக்க ஆறவிட்டு ஆயில் மட்டம், கூலன்ட், ஹோஸ் எல்லாம் பாருங்கள். நண்பர் ஒருவர் பக்கத்துச் சீட்டிலோ பிட்டிலோ (தடத்தோரம் வண்டி நிறுத்தும் இடம்) இருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டை எழுதட்டும். ஆயில் எவ்வளவு ஏறியது என்பதைவிட, ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டதா, இன்னும் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். 120 டிகிரிக்கு ஏறி அங்கேயே நின்றால் நல்லது. 130-ஐத் தொட்டு இன்னும் ஏறினால் ஆயில் கூலர் பெரிதாக்காமல் பந்தயத்துக்குப் போகாதீர்கள். 140 என்றால் உடனே பிட்டுக்கு வந்துவிடுங்கள். இதையெல்லாம் காலை ஏழு மணிக் குளிரில் செய்து பயனில்லை, நடுமதியத்தில் செய்யுங்கள். ஓட்டி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாக வந்து, நிறுத்தி, இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். சிவக்கச் சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் நின்றால் அங்கேயே கருகிப்போகும். பிரேக்கும் சூடாக இருக்கும், ஆறும் வரை ஹேண்ட் பிரேக் போடாதீர்கள்.

எங்கே ஓட்டுவது என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நம் பக்கம் சோழவரத்தில் ஒரு காலத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு வடக்கில் ஒன்றுமில்லை. இத்தனை கார் ஆலை இருக்கிற ஊரில், சொந்தக் காசில் வண்டி கட்டிய ஒரு பையன் ஒரு மணி நேரம் தனியாக ஓட்டிப் பார்க்க வழியில்லை. தடத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் டிராக் டே வரும் வரை காத்திருந்து, கூட்டத்தோடு கூட்டமாக இருபது நிமிட ஸ்லாட்டில் ஓட வேண்டியிருக்கிறது. லைசென்ஸ், ஹெல்மெட், பெல்ட் எல்லாம் சரிபார்க்கிறார்கள், அது வேண்டியதுதான். ஆனால் டர்போ ஆயில் பைப்பைத் தொட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை. அதற்காக வெளிவட்டச் சாலையில் இரவில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பாதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும். டிராக் டேயில் இரண்டு ஸ்லாட்டை அடுத்தடுத்துக் கேட்டு வாங்குங்கள், ஒரு மாதம் முன்பே கேட்டால் சில சமயம் கிடைக்கும்.

வண்டியை பிளாட்பெட் லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ளதை மாற்றி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. உள்ளே பாதுகாப்புக் கம்பிக்கூடு (கேஜ்) கட்டிய வண்டியோடு பூந்தமல்லியில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சாதாரண இன்சூரன்ஸ் பந்தயத்துக்கு ஒரு பைசா தராது என்பதையும் நண்பர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரீமேப் வேண்டாம். லேப்டாப்போடு வந்து அரை மணி நேரத்தில் பலத்தை ஏற்றித் தருகிறேன் என்பவர் டர்போவின் சுழற்சியைத்தான் ஏற்றுகிறார். நான்கு மணி நேரத்தில் ஒருமுறை பிட்டில் பத்து நிமிடம் நின்றால், கூட்டிய குதிரைத்திறன் அத்தனையும் அங்கேயே போய்விடும்.

பிரேக்குக்கு சீல் உடைக்காத டாட் 4 ஆயில் புதிதாக மாற்றுங்கள். நம் கடற்காற்றில் அது ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காதது, ஈரம் ஏறினால் 155-லேயே கொதித்துப் பெடல் தரைக்குப் போகும். வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, முதல் ஸ்லாட் முடிந்து வீல் ஆறியதும் மறுபடி பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபில்டரை வெட்டுங்கள், தம்பி. விரித்த காகிதத்தை வெயிலில் ஒரு படம் எடுத்து, பில்லின் படத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். மஞ்சளோ வெள்ளியோ ஜரிகை போல மின்னவில்லையென்றால் டிராக் டேக்குப் பணம் கட்டலாம்.