பழைய வீட்டின் விலையும் ரிப்பேர் கணக்கும்

கேள்வி: 35 ஆண்டு பழைய வீடு ஒன்று பிடித்திருக்கிறது. பக்கத்துப் புது வீடுகளைவிட விலை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெயின்ட் அடித்து டைல்ஸ் மாற்றினால் போதும் என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: பெயின்ட்டும் டைல்ஸும் கண்ணில் படுகிற செலவு. கையைக் கடிப்பது கண்ணில் படாதவை: கூரைத் தளம், ஒயரிங், தண்ணீர்க் குழாய்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தலையைத் தூக்கித் தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து தள்ளுவதால்தான் காரை பெயர்ந்து விழுகிறது. அந்த இடத்தில் வெறுமனே சிமென்ட் பூசினால் அதுவும் கொஞ்ச நாளில் விழும். கம்பி போகிற வரிசையிலேயே நேராக ஓடும் விரிசல், பழுப்புக் கறை, இரண்டும் கெட்ட அறிகுறி. ஒரு கழியால் தளத்தைத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாக வரும். பிடிப்பு விட்ட இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்கும். ஒருமுறை நான் பார்க்கப் போன வீட்டில் எல்லா அறையிலும் மங்கிய பெயின்ட், ஓர் அறையின் தளத்தில் மட்டும் பளபளவென்று புதுப் பூச்சு. மாடி ஏறிப் பார்த்தால் அதற்கு நேர் மேலே குளியலறை!

சுவரில் முடி போன்ற விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே படிப்படியாக ஏறுகிறதா, 5 மி.மீ.க்கு மேல் அகலமா, அப்போது அஸ்திவாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதைக் கொத்தனாரிடம் கேட்காதீர்கள், கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு துளி.

ஒயரிங்கில் ஒரு ஏமாற்று உண்டு. பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை விட்டு ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குழாய்க்குச் சோதனை இன்னும் சுலபம். ஒரு குழாயைத் திறந்துவிட்டு இன்னொன்றையும் திறங்கள். முதலாவதில் தண்ணீர் நூலாக மெலிந்தால், பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவால் அடைபட்டிருக்கலாம். சுவருக்குள் புதைந்த குழாயை மாற்ற டைல்ஸை உடைத்தே ஆக வேண்டும். ஆகவே முதலில் தளமும் ஒழுகலும், அப்புறம் குழாயும் ஒயரிங்கும், டைல்ஸும் பெயின்ட்டும் கடைசி. வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி.

சரி, கணக்குக்கு வருவோம். பின்னாலிருந்து தொடங்குங்கள். முழுதாகச் சரிசெய்த பிறகு இந்த வீடு 100 பெறும் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன வேலைகளுக்கு 18 ஆகிறது. பழைய வீட்டில் சுவரை உடைத்த பிறகுதான் பாதி விஷயம் தெரியும் என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 4, தனியாக ஒதுக்க வேண்டும். வேலை முடியும்வரை நீங்கள் கொடுக்கும் வாடகை, கடன் வட்டி 3. மிச்சம் 75, இந்த வீட்டுக்கு நீங்கள் கொடுக்கலாம் என்ற விலை அவ்வளவுதான். உங்களிடம் கேட்பது 80. அதாவது தள்ளுபடி போலத் தெரிகிற 20 உண்மையில் ரிப்பேருக்கே போதவில்லை. 35 வயது வீடு 100 பெறுமா என்பதே சந்தேகம், அது வேறு. இந்த எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் எண்களை இரண்டு மேஸ்திரிகளிடம், ஒவ்வொரு வேலைக்கும் அளவும் கூலியும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "மொத்தமா இவ்வளவு ஆகும் சார்" என்பதை வைத்துப் பேரம் பேச முடியாது. தளத்துக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு என்ற தாளை விற்பவர் முன் வைத்தால் பேசலாம்.

முன்பணம் கொடுக்கும் முன், நல்ல மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை போய் அந்தத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.