வேலைப் பயணத்தில் ஓர் இரவு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயணம் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவள் நான். இது ஊர் பார்க்கப் போன பயணம் இல்லை. இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் தரத் தணிக்கையாளராக இருக்கிறேன். போன மாதம் எங்களுக்குப் பாகங்கள் செய்து தரும் தொழிற்சாலை ஒன்றில் தணிக்கை. முந்தைய இரவு போய்த் தங்கி, காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கி, மாலையே திரும்ப வேண்டும். அறையை அலுவலகம் பதிவு செய்திருந்தது.

விமானம் தாமதமாகி, ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது. வரவேற்பில் இருந்த இளைஞர் கணினியில் வெகுநேரம் தேடினார். எனக்குப் பின்னால் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர் என் அறை எண்ணை உரக்கச் சொல்லிச் சாவி அட்டையை நீட்டினார். அறை நடைக்கூடத்தின் கோடியில், சாமான் ஏற்றும் லிஃப்ட்டை ஒட்டி இருந்தது. பக்கத்து அறைக்குப் போக நடுவில் ஒரு கதவு. அங்கே ஓடிய டிவி அதன் வழியாக முழுக்கக் கேட்டது. குளியலறைப் பக்கம் யாரோ ஃப்ளஷ் செய்யும் சத்தம் விடிய விடிய. ஏசி கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். வேர்த்து எழுந்து பார்க்கப் போனால் ஓடத் தொடங்கிவிடும். புகார் சொன்னதும் ஒருவர் வந்து பார்த்து, “நல்லாத்தானே ஓடுது மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தணிக்கையில் ஓர் அளவுக் கருவி சரியாக அளக்கிறது என்பதற்கான காலிப்ரேஷன் சான்றிதழ் காலாவதியாகியிருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு சக ஊழியர் கண்டுபிடித்தார். மேலாளரிடம் இரவு தூங்காததைச் சொன்னேன். “நாலு நட்சத்திர ஹோட்டல்தானே, அதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றார்.

பணம் என்னுடையது இல்லை என்பதால் புகார் செய்ய எனக்கு உரிமை உண்டா? அந்த இளைஞர் கடைசி வரை மரியாதையாகத்தான் பேசினார். எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து வருமோ என்றும் தயங்குகிறேன். சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா?

ர.

*

அன்புள்ள ர.,

சின்ன விஷயம் இல்லை. உங்கள் நிறுவனம் அந்த ஹோட்டலிடம் வாங்கியது காலை எட்டு மணிக்குத் தெளிந்த கண்ணோடு வேலைக்கு வந்து நிற்கும் ஒரு தணிக்கையாளரை. நீச்சல் குளமும் பளிங்குத் தரையும் அதற்கு மேல் வருபவை. வாங்கிய பொருள் வந்து சேரவில்லை. உதிரிபாகம் இப்படி வந்திருந்தால் நீங்களே அதைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

நட்சத்திரத்தைப் பற்றி உங்கள் மேலாளர் சொன்னது பலரும் நம்புவதுதான். நட்சத்திரத் தரவரிசை நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஆனால் பெரும்பாலும் அது இருக்கும் வசதிகளை எண்ணித் தரப்படுவது. லிஃப்ட் இருக்கிறதா, வரவேற்பில் எந்நேரமும் ஆள் உண்டா, அறை எவ்வளவு பெரியது என்று பார்ப்பார்கள். அந்த லிஃப்ட்டை ஒட்டிய அறையில் ஒருவரால் தூங்க முடியுமா என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் இதில் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். புது இடத்தில் முதல் நாள் தூக்கம் கெடும் என்பது உறக்க ஆய்வாளர்களுக்கு 1960களிலிருந்தே தெரியும். ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் கிடைக்கும் பதிவைச் சேர்க்காமல் ஒதுக்கிவைப்பது வழக்கமாகவே இருந்தது. 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தில் ஒரு பகுதியைக் கண்டார்கள். புது இடத்தில் முதல் நாள் ஆழ்ந்து தூங்கும்போது மூளையின் இடப்பாதி வலப்பாதி அளவுக்கு ஆழமாக உறங்குவதில்லை. வழக்கத்துக்கு மாறான ஒலி கேட்டால் அந்தப் பாதி சட்டென எதிர்வினை செய்கிறது, ஆளையும் விரைவில் எழுப்பிவிடுகிறது. அதே இடத்தில் இன்னொரு நாள் உறங்கும்போது இந்த வேறுபாடு தென்படவில்லை. அந்நிய இடத்தில் உடல் தனக்குத்தானே காவல் இருக்கிறது என்றுதான் அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

ஒரு வாரம் தங்குபவருக்கு அடுத்தடுத்த நாட்களில் இது சரியாகிவிடும். வேலைக்காகப் போய் ஓர் இரவில் திரும்புகிறவருக்கு அந்த அடுத்த நாளே கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு முறையும் அவர் முதல் நாளில்தான் இருக்கிறார். ஆகவே அமைதியான அறை மற்ற எவரையும்விட அவருக்குத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டுதல் படுக்கையறைக்குள் இரவில் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. தனித்தனியாக எழும் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். சாமான் லிஃப்ட்டின் கதவு மோதுவதையும் இரும்புத் தள்ளுவண்டி வாசற்படி ஏறி இறங்குவதையும் நினைத்துப் பாருங்கள்.

இனி அந்த ஏசி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பழுதாகியிருந்ததாகத் தோன்றவில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த, அறையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் உணரிகளை ஹோட்டல்கள் பொருத்துகின்றன. நல்ல அமைப்பில் கதவும் அதோடு இணைந்திருக்கும். கதவு திறந்து மூடிய பிறகு உள்ளே அசைவு தெரிந்துவிட்டால், மறுபடி கதவு திறக்கும் வரை ஆள் இருப்பதாகவே அது கணக்கில் கொள்ளும். அசைவை மட்டும் நம்பும் அமைப்போ, நீங்கள் அசையாமல் தூங்கத் தொடங்கியதும் அறை காலி என்று எண்ணிக் குளிரை நிறுத்திவிடும். எழுந்து நடந்தால் மறுபடி ஓடும். பார்க்க வந்தவர் உள்ளே நுழைந்ததுமே அது ஓடத் தொடங்கியிருக்கும், அவரும் தான் கண்டதைத்தான் சொன்னார். அடுத்த முறை “ஏசி வேலை செய்யவில்லை” என்று சொல்லாமல், “அசைவு உணரியை நிறுத்திவையுங்கள்” என்று கேளுங்கள். பல கருவிகளில் அதற்கு வழி உண்டு. ஆனால் தூங்க ஆரம்பித்தவுடன் தூக்கத்தைக் கலைக்கும் ஒன்றைத் தூங்குவதற்கான அறையில் மாட்டியவர்கள் அந்த அறையில் ஒரே ஓர் இரவாவது படுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

குளியலறைச் சத்தத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் ஒரு ஹோட்டல் கட்டினார். பெரும் பணக்காரர்களுக்காக அல்லாமல் தொழில் நிமித்தம் அலைகிறவர்களை மனதில் வைத்துக் கட்டியது. ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை வைத்தார், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகு சேர்த்து, குழாய்களெல்லாம் ஒரே செங்குத்துப் பொந்து வழியாக மாடிக்கு மாடி போகும்படி செய்ததால்தான் அது கட்டுப்படியாயிற்று. இன்றும் உலகமெங்கும் ஹோட்டல்கள் பெரும்பாலும் அப்படித்தான் கட்டப்படுகின்றன. குழாய் போகும் வழியில் ஒலியும் போகும். சுவரை உள்ளே சரியாக அடைத்துக் கட்டாவிட்டால் மேல்மாடிக்காரர் குளிப்பதும் உங்களுக்குக் கேட்கும். அதே ஸ்டாட்லர்தான் விளக்கு ஸ்விட்சைக் கதவை ஒட்டி உட்புறம் வைத்தார், இருட்டில் கைக்குத் தட்டுப்படும்படி சாவித் துவாரத்தைக் கைப்பிடிக்கு மேலே வைத்தார். களைத்துப் போய் இருட்டில் வந்து சேருகிறவரை ஒருவர் அக்கறையோடு மனதில் கண்டிருக்கிறார். அந்த அக்கறையைத்தான் நீங்கள் அன்று தேடியிருக்கிறீர்கள்.

ஏன் அந்த அறை உங்களுக்கு வந்தது? யாரும் திட்டமிட்டுத் தரவில்லை. பதிவு செய்யும்போது கிடைப்பது பெரும்பாலும் ஒரு வகை அறைக்கான உறுதி மட்டும்தான். இன்ன எண் அறை என்பது வருகிற நாளன்றுதான் முடிவாகும். முன்பே கேட்டுக்கொண்டவர்கள், பல நாள் தங்குபவர்கள், அந்த ஹோட்டலின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் பெறுவார்கள். பிறகு மதியமும் மாலையும் வந்து, பிடிக்கவில்லை என்று மாற்றிக் கேட்டவர்கள். நிறுவனத்துக்கான சலுகைக் கட்டணத்தில், ஒரே இரவுக்கு, நள்ளிரவில் வருகிறவருக்கு எல்லோரும் வேண்டாமென்று விட்டது மிஞ்சுகிறது. சிலர் வராமல் போவார்கள் என்று கணக்கிட்டு, இருப்பதைவிட அதிக அறைகளை விற்பதும் இந்தத் தொழிலில் வழக்கம். கணக்குத் தப்பினால் வேறு ஹோட்டலுக்கு அனுப்பப்படுவதும் பெரும்பாலும் கடைசியில் வரும் ஓரிரவு விருந்தினர்தான். அந்த இளைஞர் கணினியில் வெகுநேரம் தேடியது உங்களுக்கு ஓர் அறையைக் கண்டுபிடிக்கத்தான் என்று நினைக்கிறேன்.

இது மாறாமல் இருப்பதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பணம் உங்களுடையது இல்லை. சொந்தக் காசில் போய் ஏமாந்தவர் மறுபடி அந்தப் படியை மிதிக்க மாட்டார், அந்த இழப்பு ஹோட்டலுக்கு உறைக்கும். உங்கள் விஷயத்தில் பதிவு செய்தவர் ஒருவர், கட்டணத்தை ஒப்புக்கொண்டவர் ஒருவர், படுத்துப் புரண்டவர் வேறொருவர். உங்கள் அலுவலகப் பயணப் பிரிவின் பதிவேட்டில் அந்த இரவு எந்தக் குறையும் இல்லாமல் முடிந்திருக்கிறது. அடுத்த மாதம் இன்னொருவரை அங்கேயே அனுப்புவார்கள். பணம் கொடுக்காதவருக்குப் புகார் செய்ய உரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். அங்கே நடந்தது என்ன என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

அந்த இளைஞரைப் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நள்ளிரவில் பல ஹோட்டல்களில் முன்மேசையில் இருப்பவர் ஒருவரே. வருகிறவரைப் பார்த்துக்கொண்டே அன்றைய கணக்கையும் முடித்தாக வேண்டும். கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்கு இருக்காது. ஆகவே அறையின் குறையை அவர் பெயரில் எழுதாதீர்கள். அறை எண், நேரம், நடந்தது, இவ்வளவு போதும்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். அறை எண்ணை நாலு பேர் கேட்கச் சொன்னது பாதுகாப்புக் குறை. எண்ணை உறையில் எழுதி விரலால் காட்ட வேண்டும், வாயால் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். இரவுப் பணிக்கு ஆளை நிறுத்தும் முன் அதைக் கற்றுக்கொடுக்காதது நிர்வாகத்தின் பிழை. இனி எங்காவது அப்படி நடந்தால் அந்த இடத்திலேயே “வேறு அறை கொடுங்கள், எண்ணை எழுதிக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை. நடுக்கதவு உள்ள அறையில் உங்கள் பக்கத்துத் தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள். அது சரியாக விழவில்லை என்றால் அங்கே இருக்க வேண்டாம்.

கிளம்பும் நாளன்று மதியம் ஹோட்டலுக்கு நேரடியாக ஒரு தொலைபேசி அழைப்பு பெரும் பயன் தரும், அறை ஒதுக்கப்படும் நேரம் அதுதான். தாமதமாக வருவேன், அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். லிஃப்ட் பக்கம் வேண்டாம், நடுக்கதவு வேண்டாம், விருந்துக் கூடத்துக்கு மேலேயோ உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கீழேயோ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் படுக்கையில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். அப்போது மாற்றிக் கேட்பது எளிது. காலையில் கணக்கை முடிக்கும்போது சொல்லும் புகாருக்கு மன்னிப்புதான் கிடைக்கும்.

உங்கள் பயணப் பிரிவுக்கு இந்த வாரமே எழுதுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்காமல், இனி அந்த ஹோட்டலோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இந்த அறை வரிசையை உங்கள் ஊழியர்களுக்குத் தரக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தங்கித் திரும்பியவர்களிடம் தூக்கம் எப்படி என்று கேட்கும் ஒரு வரி பயணச் செலவுப் படிவத்தில் இருக்கட்டும். உங்கள் மேலாளர் அதற்கும் மறுப்புச் சொன்னால் அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள். அறையில் மிச்சம் பிடித்தது எங்கே செலவாயிற்று என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று, இதை உங்கள் வேலையின் பொருட்டுச் சொல்கிறேன். அந்தச் சான்றிதழ் உங்கள் கையெழுத்தில்தான் போயிருக்கிறது, காரணம் எதுவானாலும் பொறுப்பு உங்களுடையது. அன்று கையெழுத்திட்ட மற்ற தாள்களையும் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் மறுபடி முழுதாகப் பாருங்கள். அப்படி ஒரு நாளில் தவறிப்போனது அந்த ஒன்று மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.