கடைப் பலகைக்குப் பளிச் மஞ்சள் சரிவருமா?

கேள்வி: மளிகைக் கடை திறக்கப் போகிறேன். பளிச்சென்ற மஞ்சள் பலகையில் வெள்ளை எழுத்து வைத்து டிசைன் அனுப்பியிருக்கிறார்கள். மொபைலில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில், "மஞ்சள் கடுதாசி நிறம், தொழிலுக்கு ஆகாது" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: திவால் நோட்டீஸை மஞ்சள் கடுதாசி என்று சொல்வது உண்மைதான். ஆனால் கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் நாம் தடவுவதும் மஞ்சள்தான். புதுக் கணக்கு நோட்டுக்கும் மஞ்சள் வைத்த பிறகே முதல் வரி எழுதுகிறோம். வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். மஞ்சளைத் தாராளமாக வைக்கலாம்.

எனக்குக் கவலை அந்த வெள்ளை எழுத்தில்தான். பளிச் மஞ்சளும் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் உள்ளவை. இணையப் பக்கங்களில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5 மடங்கு வெளிச்ச வேறுபாடு கேட்கிறார்கள். சுத்த மஞ்சளில் வெள்ளைக்குக் கிடைப்பது 1.07 மட்டுமே. கறுப்புக்கோ 19.5 வரும். நம் ரயில் நிலையப் பெயர்ப் பலகையை நினைத்துப் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஜன்னலோரத்திலிருந்து ஊர்ப்பெயரைப் படித்துவிடுகிறோம்.

கடைக்குக் கறுப்பு வேண்டாம் என்று தோன்றினால் அரக்குச் சிவப்பு வையுங்கள். அடர்ந்த அரக்காக இருந்தால் வேறுபாடு 10 மடங்கு வரும், பார்க்கவும் மங்களகரமாக இருக்கும். பளீர் சிவப்பு 4 மடங்கைக்கூட எட்டாது.

அப்புறம், மொபைலில் பார்த்த மஞ்சள் அப்படியே ஃபிளெக்ஸில் வராது. மஞ்சள் மையை மட்டும் அடித்தால் எலுமிச்சைத் தோல் போல லேசான பச்சைச் சாயல் தட்டும். 10 முதல் 15 சதவீதம் மெஜந்தா (அடர் ரோஜா நிற மை) சேர்க்கச் சொல்லுங்கள், மஞ்சள் கிழங்கை இழைத்த நிறம் கிடைக்கும். பளபளப்பைக் குறைக்கிறேன் என்று யாராவது கறுப்பு மை கலக்க வந்தால் விடாதீர்கள், பாசி நிறமாகிவிடும்.

கடை மேற்குப் பார்த்தது என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளுக்கும். அங்கே ஃபிளெக்ஸைவிட எனாமல் பெயின்ட் அடித்த தகரப் பலகையே என் தேர்வு. எதுவானாலும் முழுப் பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன், ஓர் எழுத்தை மட்டும் நிஜ அளவில் செய்து வாங்கிக் கடை வாசலில் தொங்கவிட்டு, உச்சி வெயிலில் எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள்.