சிறிய துறைமுக ஊரை ஒட்டிய மணல் கடற்கரைக்குச் செல்பவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பேன். படகுகள் பத்திரமாக நிற்பதற்காகக் கருங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் அந்தச் சுவர், கரையோரமாக நகர்ந்துகொண்டிருக்கும் மணலையும் வழிமறிக்கிறது. அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதும்போது மணல் சிறிது சிறிதாக ஒரு திசையில் தள்ளப்படுகிறது. அது வந்து தேங்கும் பக்கத்தில் கரை அகன்றுகொண்டே போக, மணல் வரத்து நின்றுபோன மறுபக்கத்தைக் கடல் அரித்துவிடுகிறது. ஒரே ஊரில் சுவருக்கு இந்தப் புறம் விரிந்த மணல்வெளியும் அந்தப் புறம் வெறும் கற்குவியலும் இருப்பது இதனால்தான். குழந்தைகளோடு செல்பவர்கள் மணல் சேரும் பக்கத்தையே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால், அந்தப் பக்கத்திலும் சுவரை ஒட்டிக் குளிக்கவே கூடாது. இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, மற்ற இடங்களிலெல்லாம் அலைகள் நுரைத்து உடைந்துகொண்டிருக்க, சுவரருகே மட்டும் நீர் குளம்போல் அமைதியாகத் தெரிந்ததால், அதுவே பாதுகாப்பான இடம் என்று நம்பி இடுப்பளவு நீரில் இறங்கினேன். காலடியில் இருந்த மணல் உருவிக்கொண்டு போயிற்று; சில நொடிகளில் தரை எட்டவில்லை. கரையை நோக்கி எவ்வளவு கை வீசியும் நகர முடியவில்லை. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "நேரா வராத தம்பி, செவுத்த விட்டு விலகிப் பக்கமா நீந்து!" என்று குரல் கொடுத்ததால் பிழைத்தேன். கரையோரமாக வரும் நீரோட்டம் சுவரில் முட்டியதும், அதை ஒட்டியே கடலுக்குள் திரும்பிவிடுகிறது. அந்தத் தடம் ஆழமாக அரிபடுவதால் அங்கே அலை உடைவதில்லை. கண்ணுக்கு அமைதியாகத் தெரிவதற்கும் ஆளை இழுப்பதற்கும் காரணம் ஒன்றே. அப்படி அகப்பட்டுக்கொண்டால் எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர்கள் சுவரிலிருந்து விலகிக் கரைக்கு இணையாக நீந்த வேண்டும். சுவரின் கற்களில் ஏறுவதும் வேண்டாம். நீர் படும் கற்களில் பாசி வழுக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான கரைகளில் கடல்மட்டம் நாளுக்கு இரு முறை ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், இன்று பார்த்த நேரம் நாளை 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் மிகுதி. நீர் வடிந்திருக்கும் அதிகாலை கிடைத்தால் தவறவிடாதீர்கள். பெரும்பாலும் அப்போது தரையிலிருந்து மெல்லிய காற்று வீச, ஈரமணல் நடப்பதற்கு இறுகலாக இருக்கும்.

வெப்பப் பகுதிக் கரையானால், அந்த ஈரமணலில் சற்றுக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். விரல் நகம் அளவே உள்ள நண்டுகள், வாயில் இட்ட மணலிலிருந்து உணவை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடுகைவிடச் சற்றே பெரிய உருண்டைகளாக வளையைச் சுற்றி வரிசை வரிசையாகப் போட்டிருக்கும். அசையாமல் இருந்தால் உங்கள் காலருகிலேயே வேலையைத் தொடரும். நீர் மீண்டும் ஏறி வந்ததும் அந்த உருண்டைகள் அனைத்தும் கரைந்து, மணல் பழையபடி சமமாகிவிடும்.